கசப்பின் சொந்தக்காரர்

ஒரு பொருளுக்கு ஒரு நாட்டின் பெயர் இடப்பட்டிருந்தால், அந்நாட்டு மக்களுக்கு அப்பொருளில் ஏதோ பங்கு உண்டென்று எண்ணிக்கொள்வது மனித இயல்பு. பெயரை இட்டவர் யார், எந்த நோக்கத்தோடு இட்டார், அம்மக்களின் நாக்கு அதை அறிந்ததா என்றெல்லாம் கேட்க நமக்கு எளிதிலே தோன்றுவதில்லை. 'இந்தியா பேல் ஏல்' என்னும் பியரின் பெயர் அத்தகையது. மாணவப் பருவத்திலே, பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் வாணிபத்தைப் பற்றிய ஒரு நூலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அபினிக்கும் அவுரிக்கும் நடுவே அந்தப் பெயரை நாம் முதன்முதலாகக் கண்டோம். இங்கிலாந்திலே காய்ச்சி, மிடாக்களில் அடைத்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கிற் கடலில் உருட்டிக் கல்கத்தாவிலும் சென்னையிலும் பம்பாயிலும் இறக்கிய வெளிறிய நிறத்துப் பியர் அது. அதன் கசப்பைப் பற்றி அந்நூலில் இருந்த சில வரிகள் எம்மை விட்டு அகலவில்லை.

பிற்காலத்தில் மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கில எழுத்தாளரைப் படித்தோம். பாடகர் அல்லர்; 1977இல் உலகப் பியர்களுக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதிய பத்திரிகையாளர். திராட்சை மதுவைப் பற்றிப் பிரபுக்கள் எழுதிய பக்தியுடன், தொழிலாளியின் குடிபானமாகிய பியரைப் பற்றி எழுதியவர். எமது நாட்டு லயன் ஸ்ரவுட்டின் பெயர் வெளிநாடுகளில் அறியப்பட்டதிலும் அவர் எழுத்துக்குப் பங்குண்டு. அவரைப் படித்த பிறகு பேல் ஏலின் மீதிருந்த ஆவல் மேலும் வளர்ந்தது. ஆயினும் ஆவல் வேறு, கைக்கெட்டுவது வேறு. ஆசிரியச் சம்பளமும், இறக்குமதி வரியும், முப்பதாண்டு யுத்தமும் குறுக்கே நிற்க, குடிக்காத ஒரு பானத்தை ஏட்டளவிலே போற்றிக்கொண்டு நாம் முதுமையை எட்டினோம்.

அந்தப் பியரின் வரலாற்றை முதலிற் சொல்லிவிடுவது நன்று. ஏனெனில், அதைப் பற்றி வழங்கும் கதையும் உண்மையும் ஒன்றல்ல.

கதை இது: வெப்ப நாட்டுக்குச் செல்லும் வழியில் மற்றப் பியரெல்லாம் புளித்துப் போயிற்றாம், இலண்டனில் ஜோர்ஜ் ஹொட்ஜ்சன் என்பவன் மதுச்சத்தையும் ஹொப்ஸ் பூவையும் கூட்டி, கடற்பயணத்துக்கென்றே ஒரு புதுப் பியரைக் கண்டுபிடித்தானாம். தனியொருவனின் மேதைமையால் ஒரு பேரரசின் தாகம் தீர்ந்தது என்று சொல்லும் இத்தகைய கதைகள் வணிகர்க்கு மிகவும் பிடித்தமானவை. ஆனால் பழைய விளம்பரங்களையும் கணக்கேடுகளையும் ஆராய்ந்தவர்கள் வேறு செய்தி சொல்கிறார்கள். கறுத்த போர்ட்டர் பியரும் அதே கப்பல்களில் இந்தியாவுக்குக் கெடாமற் சென்றது. வெளிறிய ஏலும், நெடுநாள் வைத்துப் பருகும் வலிய பியரும் ஹொட்ஜ்சனுக்கு முன்பே இங்கிலாந்தில் இருந்தன. 1752இல் கிழக்கு இலண்டனின் போ என்னும் இடத்தில் அமைந்த ஹொட்ஜ்சனின் ஆலைக்கு வாய்த்த பெரும் பேறு, கம்பெனிக் கப்பல்கள் நங்கூரமிடும் துறை அருகில் இருந்தமையே. கப்பற் தலைவர்கள் தம் சொந்த வியாபாரத்துக்குச் சரக்குத் தேடினார்கள். ஹொட்ஜ்சன் ஓராண்டுக்கு மேலும் கடன் கொடுத்தான். கண்டுபிடிப்பென்று புகழப்பட்டது பெரும்பாலும் தவணைக் கடனும் துறைமுகத்தின் அருகாமையுமே.

1820களில் ஹொட்ஜ்சன் குடும்பத்தார் பேராசைப்பட்டு, கப்பற் தலைவர்களை ஒதுக்கித் தாமே இந்தியாவில் விற்க முயன்றனர். அதே வேளையில், ஸ்ராபோர்ட்ஷயரின் பேர்ட்டன் நகரத்து ஆலைக்காரர்கள் நெடுநாளாக ருஷ்யாவுக்கு அனுப்பிவந்த பியர், 1822இல் ருஷ்யா விதித்த வரியால் முடங்கியது. வேறு சந்தை தேடிய அவர்களைக் கம்பெனியார் இந்தியாவை நோக்கித் திருப்பினர். அல்ஸொப் என்ற முதலாளியின் ஆள் ஹொட்ஜ்சனின் பியரைப் போன்ற ஒன்றை முதலில் ஒரு தேநீர்க் கேத்தலிற் காய்ச்சிப் பார்த்தான் என்று அந்த ஊர்க்கதை ஒன்று கூறும். கதை எப்படியிருப்பினும், பேர்ட்டன் நகரம் வென்றது. அதற்குக் காரணம் அதன் கிணறுகள். அங்குள்ள நிலத்தடி நீரில் ஜிப்சம் மிகுதி. அந்த நீரிலுள்ள சல்பேற்று, ஹொப்ஸின் கசப்பைக் கூர்மையாகவும் வறட்சியாகவும் நாவிற் படச் செய்கிறது. பிற நாட்டு ஆலைகள் இன்றும் தம் நீரில் ஜிப்சத்தைக் கரைத்து அந்த ஊரின் கிணற்றைப் போலச் செய்துகொள்கின்றன.

விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கும் இதிற் சுவையான பாடம் உண்டு. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்தால் அதன் மாப்பொருள் வெல்லமாகிறது. அந்தச் சாற்றில் ஹொப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்க வைத்தால், பூவின் பிசினிலுள்ள அமிலங்கள் வடிவம் மாறிக் கசப்பாகின்றன. பியரைப் புளிக்கச் செய்யும் பற்றீரியாக்களை அந்தக் கசப்பே தடுக்கிறது. பிறகு மதுவம் வெல்லத்தை உண்டு மதுச்சத்தையும் காபனீரொட்சைட்டையும் தருகிறது. வெல்லம் எவ்வளவு முற்றாகத் தீர்கிறதோ அவ்வளவுக்குக் கெடுதல் குறைவு. அப்பியரின் வெளிறிய நிறம் புகை குறைந்த கற்கரியால் மோல்ட்டை மெல்ல உலர்த்தும் முறையிலிருந்து வந்தது. பூ, நீர், நெருப்பு, நுண்ணுயிர் ஆகிய நான்கையும் ஆட்சி செய்த தொழிலாளரின் கைப்பழக்கமே அந்தப் பானம்.

சரி, இந்தியா எங்கே? முளைகட்டிய பார்லியில் இல்லை; பூவில் இல்லை; நீரில் இல்லை. 'கிழக்கிந்தியப் பேல் ஏல்' என்ற பெயர் அச்சில் வந்த மிகப் பழைய இடங்களுள் ஒன்று 1829இல் வெளியான ஒரு சிட்னிப் பத்திரிகை விளம்பரம். அதாவது, அப்பெயரை அவுஸ்திரேலியாவில் ஒரு கடைக்காரன் சரக்குக்குச் சிறப்புச் சேர்க்கவே வழங்கினான். இந்தியா அங்கே சந்தையின் பெயர், மக்களின் பெயரன்று.

இந்தியாவிலும் அதைப் பருகியவர்கள் யாவர்? கம்பெனி அலுவலரும், படைத்தலைவரும், வணிகரும். சாதாரண வெள்ளைச் சிப்பாய்க்குப் பெரும்பாலும் போர்ட்டரே கிடைத்தது. இந்தியருள் அந்தப் புட்டியோடு நாள்தோறும் உறவாடியவன் 'ஆப்தார்' என்னும் வேலையாள். பனிக்கட்டி கிடையாத அக்காலத்தில், வெடியுப்பை நீரிற் கரைத்தால் நீர் குளிரும் என்பதை அறிந்து, அந்த நீரிற் புட்டிகளைச் சுழற்றிச் சுழற்றிக் குளிர்விப்பதே அவன் தொழில். புட்டியின் குளிர்ச்சியை அவன் கை அறிந்திருந்தது. உள்ளிருந்த கசப்பை அவன் நாக்கு அறிய வேண்டுமென்று எவரும் எண்ணியதில்லை.

பின்னர் ஆலைகளே கீழைநாட்டு மலைகளுக்கு வந்தன. 1850களில் எட்வர்ட் டையர் என்பவர் இமயச் சாரலில் கசௌலியில் ஓர் ஆலை நிறுவி 'லயன்' என்ற பேல் ஏலைக் காய்ச்சினார். ஆசியாவின் முதற் பியர் என்று அதைச் சொல்வர். 1860இல் எழுந்த மரீ ஆலையிலும் அவருக்குப் பொறுப்பிருந்தது. 1864இல் மரீயில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அந்த மகனே, 1919 ஏப்ரில் 13ஆந் திகதி ஜாலியன்வாலா பாக்கில் நிராயுதபாணிகளான மக்கள்மீது சுடும்படி கட்டளையிட்ட ரெஜினால்ட் டையர். தந்தையின் தொழிலைத் தனயனின் குற்றத்துக்குக் காரணமாக்குவது நியாயமாகாது. ஆயினும் இந்தியாவின் குளிர்ந்த மலைகளை வெள்ளையர் தமக்கென வேலியடைத்த காலத்தில், அந்த வேலிக்குள்ளே பியரும் துப்பாக்கியும் ஒரே வீட்டில் வளர்ந்தன என்பது வரலாறு. எமது நுவரெலியாவிலும் அவ்வாறே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலை எழுந்தது. குளிரும் ஊற்றுநீரும் அங்கே இருந்தன. பருகத் தோட்டத்துரைமாரும் இருந்தனர்.

இத்தனை புகழ்பெற்ற பேல் ஏல் இருபதாம் நூற்றாண்டில் நலிந்தது. முதலாம் உலக யுத்தத்தின் வரியும் தானியக் கட்டுப்பாடும் அதன் சத்தை வடித்துவிட்டன. பெயர் மட்டும் சில புட்டிகளில் எஞ்சியது. ஒருகாலத்தில் உலகின் மிகப் பெரிய பியர் ஆலையாக இருந்த பாஸ் நிறுவனமும் காலப்போக்கில் துண்டாடப்பட்டது. 1876இல் பிரித்தானியாவின் முதலாவது வணிகச் சின்னமாகப் பதிவான அதன் சிவப்பு முக்கோணம் ஒரு பன்னாட்டுக் கம்பெனியின் கைக்குப் போயிற்று.

மறுபிறப்பு எதிர்பாராத இடத்தில் நிகழ்ந்தது. மூடப்படும் தறுவாயில் இருந்த சான்பிரான்சிஸ்கோ நகரத்து அங்கர் ஆலையை 1965இல் பிரிட்ஸ் மெய்ற்றாக் என்ற இளைஞர் காப்பாற்றினார். அவ்வாலை 1975இல் 'லிபேர்ட்டி ஏல்' என்ற பியரைக் காய்ச்சியது. தோடம்பழத்தோலின் மணம் வீசும் கஸ்கேட் என்ற புதிய அமெரிக்க ஹொப்ஸ் அதிலே சேர்ந்தது. நாலைந்து பெரிய கம்பெனிகள் நாடு முழுவதையும் ஒரே சுவையற்ற பியருக்கு அடிமையாக்கியிருந்த அமெரிக்காவிலே, கொட்டகைகளிலும் பழைய பண்டசாலைகளிலும் சிறு சிறு ஆலைகள் தோன்றின. கையாற் செய்யும் தொழிலின் மானத்தை அவை மீட்டன. அவற்றின் கொடியாக இருந்தது மறக்கப்பட்ட அந்த இந்தியா பேல் ஏலே. அக்காற்று அத்திலாந்திக்கைக் கடந்து மீண்டும் இங்கிலாந்துக்கு வந்தது. 2005இல் டார்பிஷயரிலே தோர்ன்பிரிட்ஜ் என்ற சிற்றாலை ஒரு பேல் ஏலைக் காய்ச்சி அதற்கு 'ஜெய்ப்பூர்' என்று பெயரிட்டது. மதுச்சத்து நூற்றுக்கு 5.9 வீதம். பேர்ட்டனில் ஓக்கு மிடாக்களை வரிசையாகக் குழாயால் இணைத்துப் புளிக்கவைக்கும் பழைய முறையைப் பெரிய கம்பெனி 2024இற் கைவிட்டபோது, அத்தொகுதிகளுள் ஒன்றைப் பெற்றுத் தன் கூரையின் கீழ் வைத்து இயக்கியதும் இதே சிற்றாலைதான். நாம் இருபதாண்டுகளாக எதிர்பார்த்திருந்த பியர் இந்த ஜெய்ப்பூரே.

அது எமக்குக் கிடைத்த இடம் சாகாமம். அக்கரைப்பற்றிலிருந்து சாகாம வீதியாற் சென்றால், கடையும் மதிலும் குறைந்து, வயலும் வாய்க்காலும் கூடி, இறுதியிற் குளக்கட்டுத் தெரியும். குளத்து நீரை நம்பித் தமிழரும் முஸ்லிம்களும் வரம்புக்கு வரம்பு அடுத்துப் பயிர்செய்யும் பூமி அது. சற்றுத் தொலைவிலே கஞ்சிகுடிச்சாறு என்றோர் இடமும் உண்டு. குடித்த கஞ்சியையே தன் பெயரில் ஏந்திக்கொண்ட இடம். யுத்தம் நடந்த ஆண்டுகளில் இந்த வயல்களுக்குப் போகவே அஞ்சிய காலமும் இருந்தது. இப்போது பெரும்போகத்து வேளாண்மை மீண்டும் பச்சை விரிக்கிறது. எமக்கும் அங்கே சிறு துண்டு வயலொன்று உண்டு.

இலண்டனில் வேலைசெய்யும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது, உடைகளுக்குள்ளே சுற்றி ஒரேயொரு புட்டியைக் கொண்டுவந்து தந்தார். "சேர், நீங்க வகுப்பில சொன்ன பியர்" என்றார். பேர்ட்டன் கிணற்றைப் பற்றி எப்போதோ வகுப்பிற் பேசியதை அவர் நினைவில் வைத்திருந்தது எமக்கு அந்தப் புட்டியைவிடப் பெரிய மகிழ்ச்சி.

வீட்டிற் குளிர்வித்து, பழந்துணியிற் சுற்றி, ஒரு மாலைப்பொழுதில் வயல் வாடிக்கு எடுத்துச் சென்றோம். பக்கத்து வயற்காரரான அக்கரைப்பற்று நண்பரும் அங்கே இருந்தார். எம்மோடு ஒரே பாடசாலையிற் பல்லாண்டு கற்பித்தவர். மது அவருக்கு விலக்கப்பட்டது. ஆகவே கேத்தலில் பிளேன்ரீ கொதித்துக்கொண்டிருந்தது. வாடியைக் காவல் காக்கும் முதியவரும் வந்து குந்தினார். சிறுவயது முதல் பிறர் வயலில் உழைத்தவர். போடியார்மார் பலரையும் முல்லைக்காரர் பலரையும் கண்டவர்.

மூடியைத் திறந்ததும் மணம் வந்தது. தோடம்பழத்தோல், சிறிது பைன் பிசின், அடியிலே பாணின் மேலோட்டு வாசனை. நிறம் முற்றிய நெற்கதிரின் நிறம். முதல் மிடற்றில் இனிப்புத்தான் தெரிந்தது. தேனின் சாயல் கொண்ட மோல்ட்டின் இனிப்பு. அது நாவைக் கடக்கும்போது கசப்பு எழுந்தது. பாகற்காயின் கசப்பும் மருந்தின் கசப்பும் வேறு வகை. இது தோடம்பழத்தின் வெள்ளைத் தோலைக் கடித்தாற்போல மெல்லத் தொடங்கி, விழுங்கிய பிறகும் நெடுநேரம் நின்று, வாயை உலர்த்தி, மீண்டும் ஒரு மிடறு கேட்கச் செய்தது. நல்ல பானம். நூல்கள் பொய் சொல்லவில்லை. நாற்பதாண்டுக் காத்திருப்புக்கு அது தகுதியானதே.

நண்பர் புட்டியின் வாயை மட்டும் முகர்ந்து பார்த்தார். "வாசம் நல்லாத்தான் இரிக்கி மாஸ்டர். நமக்கு இந்தக் கசப்புப் போதும்" என்று தம் பிளேன்ரீயைக் காட்டிச் சிரித்தார். பெரியவருக்கு ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தோம். அவர் சற்றே பருகிக் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"நிலவேம்புக் கசாயம் மாதிரிக் கிடக்கு. மறுகா ஒரு தோடம்பழ வாசம் வருகுது" என்றார். பெரிய நகரங்களிற் பியரைச் சுவைத்து மதிப்பெண் இடும் நிபுணர்கள் பத்து வரியில் எழுதுவதை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். பிறகு விலையைக் கேட்டார். சொன்னோம். அவருடைய கூலியில் அரைநாளை அது விழுங்கும். அவர் வியக்கவில்லை, வேறொன்று கேட்டார்.

"இதச் செய்யிற ஆக்களும் இத வாங்கிக் குடிப்பாங்களா, சேர்?"

எமது நூல்களில் எதுவும் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. குடிப்பார்கள் என்று நாம் விடை சொன்னோம். டார்பிஷயரிலே ஆலைத் தொழிலாளி வேலை முடிந்து ஊர்ச் சாராயக்கடையில் அதே பியரை வாங்கிப் பருக முடியும். அந்நாட்டுத் தொழிலாளர் இரண்டு நூற்றாண்டாகச் சங்கம் வைத்து, வேலைநிறுத்தம் செய்து, சிறை சென்று பெற்ற சம்பளம் அதற்கு இடந்தருகிறது. அவ்விடையைச் சொன்னவுடன் எமது பார்வை நண்பரின் பிளேன்ரீக் கிண்ணத்தின்மேற் சென்றது.

இந்தியாவின் பெயரோடு இங்கிலாந்திலே செய்த பியர் ஒரு திசையிற் கப்பலேறியது. சில பத்தாண்டுகளின் பின், இலங்கையின் பெயரோடு தமிழகத்துக் கூலிகளின் கையால் விளைந்த தேயிலை மறு திசையிற் கப்பலேறியது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைச் செய்கை, 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பிறகு மலை முழுவதையும் மூடியது. 'சிலோன் ரீ' என்ற பெயரை உலகம் அறியும். அந்தக் கொழுந்தைக் கிள்ளிய மக்கள் 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டதை உலகம் அவ்வளவாக அறியாது. உயர்நிலத்துத் தேயிலையின் பொன்னிறச் சாறும் மலர்மணமும் இலண்டன் ஏலத்திலே புகழப்பட்டபோது, லயத்துக் கேத்தலில் கொதித்தது தூள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டுமென்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கான போராட்டத்தின் பின்னர் 2021இலேதான் வர்த்தமானியில் ஏறியது. தாம் செய்ததன் சிறப்பைத் தம் நாவால் அறியாத தொழிலாளரைத் தேடி நாம் வெள்ளைக்காரன் காலத்துக்குப் போகவேண்டியதில்லை.

வெள்ளைக்காரனை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் கைகழுவவும் முடியாது. எமக்கென்று ஒரு நுரைக்கும் பானம் உண்டு, அது கள். அதிகாலையில் மரமேறி, பாளையைத் தட்டிப் பதமாக்கி, சீவும் கத்தியின் கூரிலே நாளும் உயிரைப் பணயம் வைத்து இறக்கும் பானம். காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவமே அதைப் புளிக்க வைக்கிறது. மதுவத்தின் போக்கை மணத்தாலும் நுரையாலும் அறியும் திறமை பேர்ட்டன் நகரத்து வல்லுநரின் திறமைக்குச் சற்றும் தாழ்ந்ததன்று. அத்திறமைக்கு நாம் கொடுத்த மரியாதை யாது? வடபகுதியிலே கள்ளிறக்கிய மக்களைச் சாதியாற் தாழ்த்தினோம். தேநீர்க் கடையில் மற்றவர்க்குக் கிளாசிலும் அவர்களுக்குப் போத்தலிலும் தகரத்திலும் ஊற்றினோம். 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி ஊர்வலத்திலே தடியடி பட்டவர்களும், அதன் பின்னர் தேநீர்க் கடைப் பிரவேசத்துக்கும் ஆலயப் பிரவேசத்துக்கும் போராடியவர்களும் கேட்டது ஒரு கிளாஸ் தேநீரை மட்டுமா? பானத்தைச் செய்த கைக்கும் பருகும் வாய்க்கும் நடுவே சமுதாயம் வைத்த மதிலை அவர்கள் இடித்தார்கள். ஆலைப் புட்டியின் மீது முத்திரை ஒட்டினால் அது கைவினை, முட்டியில் வந்தால் அது கீழ்மை என்று எண்ணும் படித்த மனத்திலே அந்த மதிலின் அடித்தளம் இன்னும் கிடக்கிறது.

சாகாமத்து நெல்லுக்கும் இதே கேள்வி பொருந்தும். அறுவடை நாளில் கடனுக்கும் உரத்துக்கும் கணக்குத் தீர்க்க முழு விளைச்சலையும் வயலிலேயே கொடுத்துவிட்டு, மறுமாதம் கடையில் அரிசி வாங்கும் விவசாயியை இங்கு யாரும் காணலாம். 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளிற் தடைசெய்த அரசாங்கம் விளைச்சலைக் குலைத்து, அடுத்த ஆண்டிலே விளைவித்தவனையும் வரிசையில் நிறுத்தியது.

இவ்வளவு பேசும்போது சிலர் கேட்கலாம்: குடியால் எத்தனை குடும்பங்கள் அழிகின்றன, முற்போக்குச் சஞ்சிகையில் பியரைப் புகழலாமா? நியாயமான கேள்வி. கசிப்பின் கொடுமையை எமது கிராமங்களில் நாம் கண்ணாற் காண்கிறோம். அடி வாங்கும் பெண்களின் முகத்தையும் காண்கிறோம். ஆனால் கசிப்பு எதனால் விற்கிறது? விரைவிலே மறதி தருவதால். விலை குறைவாக இருப்பதால். மறக்கவேண்டிய நாட்கள் மிகுந்த வாழ்க்கையே அதன் சந்தை. அந்தச் சந்தையை அதிகாரம் எப்போதும் பயன்படுத்திக்கொண்டது. சாராயக் குத்தகை ஆங்கில ஆட்சியின் கருவூலத்தை நிரப்பியது. 1912இல் நாடெங்கும் கள்ளுத் தவறணைகளைத் திறக்க முற்பட்டபோது இலங்கையில் மதுவிலக்கு இயக்கம் பொங்கியது. அதன் முன்னணியில் நின்ற சிலரை 1915 கலவரத்தைச் சாட்டாக வைத்து அரசு சிறையில் அடைத்தது. சுதந்திரத்தின் பின்னரும் ஒவ்வொரு வரவு செலவுத் திட்டமும் மதுவரியிற் சாய்ந்தே நிற்கிறது. மதுவை வெறுக்கும் நண்பருக்கும், அதன் தொழில்நுட்பத்தை மதிக்கும் எமக்கும் இதிலே கருத்து வேற்றுமை இல்லை. உழைப்பாளியை மயக்கி அவன் கூலியைத் திரும்பப் பறிக்கும் மது எமது பகை. ஒரு தொழிலாளி ஓய்வுநாளில் தன் மனம் விரும்பியதைத் தெளிந்த அறிவோடு தெரிந்துகொள்ளவும், விரும்பாததை மறுக்கவும் தக்க வாழ்வு வேண்டும் என்பதே எமது வாதம். வாடியிலே எமது நண்பரின் பிளேன்ரீ அத்தகையதொரு சுதந்திரமான மறுப்பு. ஆப்தாரின் வறண்ட நாக்கை அவ்வாறு சொல்ல இயலாது.

கைவினையின் பெயரால் எழுந்த சிற்றாலைகளுக்கும் இந்தக் கேள்வியிலிருந்து விலக்கில்லை. மறுமலர்ச்சிக்கு வித்திட்ட அங்கர் ஆலையின் கதையை மாணவர்கள் அறியவேண்டும். 2017இல் அதை யப்பானியப் பெருங்கம்பெனியான சப்போரோ வாங்கியது. 2019இல் அங்குள்ள தொழிலாளர்கள், சுவைமிக்க பியரைச் செய்யும் தமக்கு அந்த நகரத்தின் வாடகையைக் கட்டவே சம்பளம் போதவில்லை என்று சொல்லிச் சங்கம் அமைத்தனர். கப்பற்றுறைத் தொழிலாளரின் புகழ்பெற்ற சங்கம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. 2023 யூலையில், நூறாண்டுக்கு மேற்பட்ட அந்த ஆலையை மூடுவதாகக் கம்பெனி அறிவித்தது. அப்போது சங்கத்தார் கலைந்து போய்விடவில்லை. ஆலையைத் தாமே கூட்டுறவாக வாங்கி நடத்த விரும்புவதாகவும், அதற்குக் கால அவகாசம் வேண்டுமென்றும் கேட்டனர். அது கைகூடவில்லை, 2024இல் வேறொரு செல்வந்தர் ஆலையை வாங்கினார்.

எனினும் அவர்கள் கேட்ட கேள்வி நின்றுவிட்டது. பியரின் பெயரையும், அதன் செய்முறையையும், அதன் மிடாக்களையும் விற்க முடியுமானால், அதைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஏன் அதில் உரிமை இல்லை? ஆசிரிய நண்பர்களே, வணிகவரலாறு கற்பிக்கும்போது இக்கேள்வியை வகுப்பில் வையுங்கள். தேயிலை, நெல், கள், மருதமுனைக் கைத்தறிச் சேலை என எந்தப் பொருளை எடுத்தாலும், அதை எவர் செய்தார், அவர் வீட்டில் அது இருக்கிறதா, இல்லையெனில் ஏன் என்று மாணவர் விசாரித்து எழுதட்டும். விடைகளைத் தேடி அவர்கள் தூரம் போகவேண்டியதில்லை. பெரும்பாலோரின் தாய் தந்தையரே அவற்றைச் சொல்வார்கள்.